பார்க்கின்சன் நோயில் இயக்கத் திறனை அளவிடும் முறை

கை நடுக்கமே பார்க்கின்சன் நோயின் முழு அடையாளம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும், நோயாளரின் அன்றாட வாழ்வைப் பெரிதும் முடக்குவது நடுக்கமன்று. இயக்கத்தின் மந்தமே ஆகும். 1817-ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து நூல் வெளியிட்ட இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தாம் குறிப்பிட்ட அறுவருள் சிலரைத் தெருவில் கண்டே அறிந்தார். கூர்ந்து நோக்குதலே இன்றும் தலையாய கருவியாகும்.

நடுமூளையின் கருநிறப் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் சிதைவதால் டோபமின் என்னும் பொருள் குறைகிறது. இதனால் தசைகளின் வலிமை அதிகம் குன்றுவதில்லை; இயக்கத்தைத் தொடங்குவதும் அதன் வீச்சைக் காத்துக்கொள்வதுமே கடினமாகின்றன. எனவே, கையை ஒரு முறை உயர்த்தச் சொல்லிப் பார்ப்பதால் பயன் சிறிதே. கட்டைவிரலின்மீது சுட்டுவிரலை, இயன்றவரை அகலமாகவும் விரைவாகவும், பத்து முறை தட்டச் செய்தல் வேண்டும். முதற் சில தட்டுகள் செவ்வையாக அமையலாம். பின்னர் வீச்சு சுருங்கும். இடையிடையே கை தயங்கி நிற்கும். எழுத்திலும் இச்சுருக்கம் தோன்றும். வரி செல்லச் செல்ல எழுத்துகள் சிறுத்துவிடுவதை ஆசிரியர் எளிதிற் கண்டுகொள்வர். பன்னாட்டு மருத்துவர் வழங்கும் அளவுகோலில் இத்தகைய ஒவ்வொரு செயலுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. 0 என்பது இயல்பு நிலை.

நடையை அளக்க ஒரு கை நாற்காலியும் கடிகாரமும் போதும். நோயாளர் எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எடுக்கும் வினாடிகளைக் குறிக்க வேண்டும். அவர் திரும்பும் விதம் இன்னும் மிகுதியாக உணர்த்தும். நோயுற்றவர் பல சிற்றடிகள் வைத்தே திரும்புவார். வாயிற்படியருகே கால்கள் தரையோடு ஒட்டியவைபோல நின்றுவிடுவதும் உண்டு. தோளைப் பின்னால் இழுத்து நிலைப்பைச் சோதிப்பதைப் பயிற்சி பெற்றவரே செய்தல் வேண்டும். விழுந்தால் எலும்பு முறியக்கூடும்.

பதிவேட்டில் பெரும்பாலும் விடுபடுவது நேரமே. லெவோடோபா மருந்தைச் சில ஆண்டுகள் உட்கொண்டவரின் திறன் ஒரே நாளில் ஏறி இறங்கும். காலையில் கட்டிலைவிட்டு எழ இயலாதவர், மருந்துண்ட சிறிது நேரத்தில் தாமே நடப்பார். அடுத்த வேளை நெருங்குகையில் மீண்டும் முடங்குவார். இதனை அறியாத வீட்டார், அவர் பாசாங்கு செய்வதாகக் கருதிக் கடிந்துகொள்வர். ஆதலால், சோதனை நடந்த நேரமும் கடைசியாக மருந்துண்ட நேரமும் தவறாது எழுதப்பெறுதல் வேண்டும். சோதனையின்பொருட்டு மருந்தை நிறுத்துமாறு களப்பணியாளர் கூறலாகாது.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. நோயின் நடுக்கம், கை மடியில் ஓய்ந்திருக்கும்போது வினாடிக்கு 4 முதல் 6 முறை ஒரே சீராக நிகழும். கை ஒரு பொருளை எடுக்க நீளும்போது பெரும்பாலும் தணியும். மருந்தின் விளைவாகத் தோன்றும் மிகையியக்கமோ சீரற்றது. உடல் நெளிந்தாடுவது போன்றது. பின்னதை நடுக்கம் என்று எழுதிவிட்டால், குறைக்க வேண்டிய மருந்து கூட்டப்பெற ஏதுவாகும்.