பாட்டி வந்து சேர்ந்த வீடு

வாஷிங்டன் நகரிலும் அதை அடுத்த சில்வர் ஸ்பிரிங், அலெக்ஸாண்ட்ரியா முதலிய ஊர்களிலும் பெருந்தொகையாக வசிக்கும் எத்தியோப்பிய, எரித்திரியக் குடும்பங்கள் ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் வந்து சேர்ந்தவை அல்ல. 1974-இல் ஹைலி செலாசி சக்கரவர்த்தியின் ஆட்சியைக் கவிழ்த்த ‘டெர்க்’ என்னும் இராணுவக் குழு, நாளடைவில் படித்த வாலிபர்களைத் தெருக்களிலேயே சுட்டு வீழ்த்தத் தலைப்பட்டபோது சூடானுக்குத் தப்பியோடி, 1980-ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தின் வழியே அமெரிக்கா புகுந்தவர்கள் ஒரு சாரார். 1961 முதல் 1991 வரை நீடித்த எரித்திரிய விடுதலைப் போரில் ஊரிழந்தவர்கள் மற்றொரு சாரார். அந்நாடு சுதந்தரம் பெற்ற பின்னர், 18 மாதம் என்று சட்டம் விதித்த தேசிய சேவை முடிவின்றி வருஷக்கணக்கில் நீள, அதைப் பொறுக்கமாட்டாமல் வெளியேறிய இளைஞர்கள் வேறொரு சாரார். 2020-இல் எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் மூண்ட யுத்தம் இவர்களுக்குள் நெடுநாளைய சிநேகிதர்களையும் பிரித்துவிட்டது.

வந்த வரலாறு எதுவாயினும் வீட்டுக்குள் நிகழ்வது பெரும்பாலும் ஒன்றுதான். தகப்பன் வாடகைக் கார் ஓட்டுகிறான். தாய் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால் ஊரிலிருந்து பாட்டி வரவழைக்கப்படுகிறாள். அடிஸ் அபாபாவிலோ அஸ்மாராவிலோ விடியற்காலையில் தேவாலயத்துக்கு நடந்து சென்று, திரும்பும் வழியில் நான்கு வீடுகளில் நலம் விசாரித்து, அண்டை வீட்டுச் சச்சரவுகளுக்குத் தீர்ப்பும் சொல்லிவந்த அந்த மூதாட்டி, இங்கே அடுக்குமாடி வீட்டின் ஜன்னலருகே பகல் முழுவதும் சிசுவுடன் அமர்ந்திருக்கிறாள்; பனிக்காலத்தில் தெருவைக் கடக்கவும் அவளுக்குப் பேரனின் துணை வேண்டியிருக்கிறது. மகன் குடியுரிமை பெற்றுத் தாயை வரவழைத்திருந்தாலும், 1996-ஆம் ஆண்டின் சட்டப்படி மத்திய அரசின் உதவிகளில் பலவற்றைப் பெற அவள் பொதுவாக 5 ஆண்டு காத்திருக்க வேண்டும்; முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டில் சேரவும் அதே அளவு வாசம் தேவை. நோய்கள் நெருங்கும் வயதில் விதிக்கப்பட்ட இந்தக் காத்திருப்பைக் கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

குழந்தைக்கோ வேறொரு பாரம். ஆங்கிலம் முதலில் படிவது அதன் நாவில்தான். ஆதலால் வீட்டுக்காரர் அனுப்பிய கடிதத்தை வாசிப்பதும், பள்ளி ஆசிரியர் சொல்வதைத் தாய்க்கு எடுத்துரைப்பதும், வைத்தியர் பாட்டியின் வியாதியைப் பற்றிக் கூறுவதை அம்ஹாரிக்கிலோ திக்ரின்யாவிலோ அவளுக்கே சொல்வதும் பத்து வயதுச் சிறுமியின் பொறுப்பாகிவிடுகின்றன. பெரியோர் தமக்குள் பேசி, ஆற அமரச் சொல்ல வேண்டிய துக்கச் செய்தியைக் குழந்தையின் வாயினால் பெரியோர் கேட்கும் வீட்டில், தாய் தகப்பனின் அதிகாரம் தானாகவே தளர்கிறது. அவசர நிலை தவிர மற்ற வேளைகளில் சிறுவர்களை மொழிபெயர்க்கச் செய்யலாகாது என்று, அரசு நிதி பெறும் மருத்துவமனைகளுக்கு மத்திய சுகாதாரத் துறை 2016-இல் விதி வகுத்தது. வாஷிங்டன் நகரம் அதற்கு முன்பே, 2004-இல், மொழியுரிமைச் சட்டம் இயற்றியது. அதன்கீழ் முக்கிய அரசுப் பத்திரங்கள் மொழிபெயர்க்கப்படும் பாஷைகளில் அம்ஹாரிக்கும் இடம் பெற்றிருக்கிறது.

இக்குடும்பங்களைத் தாங்கும் ஸ்தாபனங்கள் புதிதாகத் தோற்றுவிக்கப்பட வேண்டியவை அல்ல. மாதச் சந்தா செலுத்தும் அங்கத்தினர் வீட்டில் மரணம் நேர்ந்தால் அடக்கச் செலவை ஏற்று, துக்க வீட்டாருக்கு நாட்கணக்கில் உணவளித்து, வேண்டுமானால் உடலைத் தாய்நாட்டுக்கே அனுப்பிவைக்கும் ‘இதிர்’ கடல் கடந்தும் நடக்கிறது. முறைவைத்துப் பணம் திரட்டும் ‘இகுப்’ பலருக்குக் கடை வைக்கவும் வண்டி வாங்கவும் முதல் தந்திருக்கிறது. எல்லாவற்றிலும் இனியது காபிச் சடங்கு: பச்சைக் கொட்டையை விருந்தினர் கண்ணெதிரே வறுத்து, இடித்து, ‘ஜெபெனா’ என்னும் மண்கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்றாகப் பரிமாறும்போது ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிடும்; அவ்வளவு நேரமும் பேச்சு நடக்கும். மனநோய் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்களில், ஆலோசகர் தம் அலுவலகத்துக்கு அவர்களை அழைப்பதைவிட அந்தக் காபி வட்டத்தில் பணிவுடன் ஓர் இடம் கேட்டுப் பெறுவதே பயனுள்ளது என்பது என் அபிப்பிராயம். அங்கே தலைமை பாட்டியுடையது. பல்லாண்டு மௌனத்தில் புதைந்த போர்க்கால நினைவுகளைப் பேரக்குழந்தைகள் கேட்டறியவும் அதைவிட நல்ல வேளை அமையாது.

கணவன் மனைவி பிணக்கில் மூத்தோர் நடுவிருந்து சமாதானம் செய்யும் ‘ஷிம்கில்னா’வைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். மனஸ்தாபத்துக்கு அது நல்ல மருந்து. அடிபடும் பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பியனுப்ப அது பயன்படுமானால், அவள் சட்டத்தின் துணையையே நாட வேண்டும், மூத்தோரும் அவள் பக்கமே நிற்க வேண்டும்.

குடும்பம் என்பதன் எல்லையையும் உத்தியோகஸ்தர்கள் விரிவாகக் காண வேண்டும். ஆப்பிரிக்க அகதிகளின் குடும்ப இணைப்புத் திட்டத்தை, மரபணுச் சோதனையில் பலரது இரத்த உறவு நிரூபணமாகவில்லை என்று கூறி, அமெரிக்க அரசு 2008-இல் நிறுத்தி, 2012-இல்தான் மீண்டும் தொடங்கியது. மோசடி சிலவிடங்களில் இருந்திருக்கலாம். ஆனால் போரில் மாண்ட தங்கையின் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்த்த தாய்க்கு அந்தச் சோதனை என்ன நியாயம் வழங்க முடியும்? அப்பிள்ளை இன்று கார்ட்டூமிலோ கம்பாலாவிலோ இருந்தால், மாதந்தோறும் பணம் இங்கிருந்தே போகிறது. உதவி கோரி வருபவரிடம் வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கும் விண்ணப்பப் படிவத்தில், எத்தனை பேருக்கு அனுப்புகிறீர்கள் என்ற கேள்வியும் சேரட்டும்.