அரியணை கிடைத்தது, அடுப்படி போயிற்று!

மொழி எப்படிச் சாகிறது? வாளால் வெட்டுண்டா? தீயால் வெந்தா? இல்லை, தோழர்களே! பெரும்பாலும் பேசுகிறவன் வயிற்றில் அடித்தே மொழியைச் சாய்க்கிறார்கள். அயர்லாந்தின் கதையைக் கேளுங்கள், புரியும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றத்தில் ஆங்கிலம், அலுவலகத்தில் ஆங்கிலம். ஐரிஷ் மொழியோ ஏழை உழவனின் குடிசையில் ஒண்டிக்கிடந்தது. 1831இல் அரசு தேசியப் பள்ளிகளை ஏற்படுத்தியது, பாடமெல்லாம் ஆங்கிலத்தில்! பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டனர். தாய்மொழியில் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. பிறகு வெட்டுகளை எண்ணி அடி! அந்த வெட்டைப் போட்டவர்களில் பெற்றோரும் உண்டு என்பதுதான் நெஞ்சைப் பிளக்கும் செய்தி.

அவர்களை ஏசலாமா? ஏச மாட்டோம். தாய்மொழி சோறு போடாது, ஆங்கிலம் தெரிந்தால் கப்பலேறியாவது பிழைக்கலாம் என்று எண்ணினர். எண்ண வைத்தவர் யார்? நிலத்தைப் பறித்த பிரபுக்களும், அவர்களுக்குக் காவல் நின்ற ஆட்சியும் அல்லவா!

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது, பஞ்சம் சூழ்ந்தது. ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினர். அப்போதும் தானியம் ஏற்றுமதியானது! ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழைகளுக்கே பேரிழப்பு. 1851இல் சுமார் 15 லட்சம் பேர் பேசிய மொழி, 1891இல் ஏழு லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று.

பிறகு தன்னாட்சி வந்தது. 1922இல் தேசிய மொழி; 1937 அரசியல் சட்டத்தில் முதல் ஆட்சிமொழி! அரியணை கிடைத்தது. ஆனால் 2022 கணக்கெடுப்பில், அயர்லாந்துக் குடியரசில் 18 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஐரிஷ் பேசத் தெரியும் என்றனர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் சுமார் 72 ஆயிரம் பேரே!

காரணம் என்ன? மொழி பாடமாயிற்று, பிழைப்பாகவில்லை. மேற்குக் கரை இளைஞன் வேலை தேடி டப்ளினுக்கும் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் போனான். போன இடத்தில் பிறந்த பிள்ளை ஆங்கிலம் பேசிற்று.

சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும், போராடிப் பெற வேண்டும். ஆனால் மொழிப் போர் வேறு, கூலிப் போர் வேறு என்று பிரிப்பவன் இரண்டிலும் தோற்பான். தாய்மொழி பேசுகிறவனுக்குத் தன் ஊரிலே வேலை, அந்த வேலையிலே அவன் மொழி. இதுவே நம் முழக்கமாகட்டும்!

கூட்டம் முடிந்து வீடு திரும்பும் தோழரே, வாசலில் ஓடிவரும் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசப்போகிறீர்?