அவசரகாலச் சட்டமும் அரசியலமைப்பும்: கேமரன் மலைத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு நோக்கு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1929இல் ரசல் நிறுவிய போ தோட்டத்திலிருந்தே தொடங்குவர். நாம் ஈண்டு ஆராய்வது தோட்ட உரிமையாளரின் வரலாறன்று. லயங்களில் வாழ்ந்தோரைச் சட்டம் எவ்வாறு தீண்டியது என்பதே.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பெற்றது. பன்னிரண்டு அகவைக்கு மேற்பட்டோர் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருத்தல் கட்டாயமாயிற்று. (பின்னாளில் இவ்வட்டையே குடியுரிமைச் சான்றாயிற்று, உரிய அட்டையின்றி இடருற்ற தோட்ட முதியோர் பலர்.) விசாரணையின்றித் தடுத்துவைக்கவும், ஓர் ஊரையே இடம்பெயர்க்கவும் விதிகள் இடமளித்தன. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்தார் என இவ்விதிகளின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டு 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். இவையனைத்தும் சட்டத்தின் பெயராலேயே நிகழ்ந்தன என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இந்நிலையை விளக்கப் பெர்லின் தொழிலாளர் வழக்கறிஞர் ஏர்ன்ஸ்ட் ஃபிரேங்கெல் 1941இல் வெளியிட்ட 'இரட்டை அரசு' என்னும் கோட்பாடு துணைபுரியும். இட்லரின் ஆட்சியில் வைமார் அரசியலமைப்பு முறைப்படி நீக்கப்படவேயில்லை. அதன் 48ஆம் விதியைக் கொண்டே 1933 பிப்ரவரி 28இல் அடிப்படை உரிமைகள் நிறுத்தப்பட்டன. வாடகை, ஒப்பந்த வழக்குகளை நீதிமன்றங்கள் வழக்கம்போல் விசாரித்தன. 'அரசியல்' என ஆட்சி கருதிய எதுவும் சட்டத்தின் எல்லையைக் கடந்துவிடும். எல்லையை வரைவதும் ஆட்சியே. மலாயாவை நாசி செருமனியோடு சமப்படுத்துதல் பிழையாகும்; ஆயினும், காலையில் பிரட்டுக்கு நின்ற தொழிலாளிக்குக் கூலித் தகராற்றில் ஒரு சட்டமும், ஐயத்திற்கு ஆளானால் வேறொரு சட்டமும் இருந்தன.

1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு இவ்வதிகாரத்திற்குக் கால வரம்பு விதித்தது. 150ஆம் விதியின்படி, நாடாளுமன்றம் ஏற்காவிடில் பிரகடனம் இரு திங்களில் காலாவதியாகும். 1960ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை அகற்றியது. அதே ஆண்டு ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

1969 மே மாதப் பிரகடனத்தின்கீழ், நாடாளுமன்றம் கூடிய பின்னரும் பேரரசர் பெயரில் பிறப்பிக்கப்பட்ட விதிகள் செல்லா எனப் பிரிவி கவுன்சில் 1978இல் தே செங் போ வழக்கில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் முன்தேதியிட்டு அவற்றைச் செல்லுபடியாக்கியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தமோ பிரகடனத்தை நீதிமன்றம் வினவுதற்கே தடைவிதித்தது. 1969ஆம் ஆண்டுப் பிரகடனம் நீக்கப்பெற்றது 2011ஆம் ஆண்டின் இறுதியில்தான். நாற்பத்திரண்டு ஆண்டுகள்! அதற்குள் தோட்டப்புறத்தில் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, நகரங்களுக்குக் குடிபெயர்ந்திருந்தது.