பக்கத்து வயல் மனையாகிறதா? முதலில் வாய்க்காலைப் பாருங்கள்!

அறுவடை முடிந்த வயலில் ஒருநாள் ஜே.சி.பி இறங்குகிறது. வரப்புகள் மறைகின்றன. சில வாரங்களில் வண்ணம் பூசிய கற்கள், கொடித்தோரணம், முகப்பில் ஒரு வளைவு. விற்றவருக்குப் பணம் வந்துவிட்டது. வாங்குபவருக்கு மனை கிடைக்கப்போகிறது. அடுத்த வயல்காரருக்குத்தான் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று தெரியவில்லை.

விளைநிலத்தை மனையாக்க, 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ; மற்ற இடங்களுக்கு டி.டி.சி.பி. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தைக் காட்டியே மனை விற்ற காலம் ஒன்று இருந்தது. 2016 செப்டம்பர் 9-ல், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான் அது அடங்கியது.

விண்ணப்பம் போனால் அலுவலகத்தில் பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் சரிபார்க்கப்படும். இடத்தையும் நேரில் பார்ப்பார்கள். நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவைப்படும். ஏரி, வாய்க்கால் ஒட்டிய இடமென்றால் நீர்வளத்துறையின் கருத்தையும் கேட்பார்கள். 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவிகிதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதில் பக்கத்து விவசாயி எங்கே வருகிறார்? காகிதத்தில் இருந்தால்தான் வருகிறார்.

இரண்டு வகை வாய்க்கால்

வாய்க்கால் புறம்போக்குக்குத் தனி சர்வே எண் இருக்கும். அ-பதிவேட்டில் 'வாய்க்கால்' என்றே எழுதியிருக்கும். அதை மனைக்குள் சேர்க்க முடியாது. சிக்கல் வயல் வாய்க்காலில்தான். தாத்தா காலத்தில் வாய்ப்பேச்சாகப் பேசி, ஒருவர் பட்டா நிலத்துக்குள் வெட்டி அடுத்தவர் பாய்ச்சிக்கொண்டது அது. ஐம்பது வருடம் தண்ணீர் ஓடியிருந்தாலும் புலப்படத்தில் கோடு இருக்காது. கோடு இல்லாததால், வரைபடம் போடுபவர் அதன்மேலேயே மனை எண் போட்டுவிடுகிறார். பரிசீலிக்கும் அதிகாரியும் பெரும்பாலும் காகிதத்தை வைத்தே முடிவு செய்கிறார்.

வடிகாலும் இப்படித்தான். மனையை மண்ணடித்து உயர்த்திவிட்டால், மழைத்தண்ணீர் பள்ளத்தில் இருக்கும் நெல்வயலில் வந்து நிற்கும். சென்னை தியாகராய நகரே 1920-களில் ஏரியைத் தூர்த்து உருவான ஊர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கிறது, பார்க்கத்தான் ஏரி இல்லை.

கல் நடும் முன்பே

உங்கள் சர்வே எண்ணுக்கும், சுற்றியுள்ள எண்களுக்கும் புலப்படமும் அ-பதிவேட்டு நகலும் எடுத்து வையுங்கள். வருவாய்த்துறையின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். வாய்க்கால், வண்டிப்பாதை எங்கே என்று பாருங்கள். பதிவில் இருந்தால், அனுமதி வருவதற்கு முன்பே டி.டி.சி.பி மாவட்ட அலுவலகத்துக்கும் தாசில்தாருக்கும் சர்வே எண்களைக் குறிப்பிட்டு ஆட்சேப மனுவை ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அரசாங்கமே அழைத்துக் கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

பதிவில் இல்லாத வாய்க்காலுக்கும் வழி உண்டு. 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு அனுபவித்த நீர்வழியை உரிமையாக ஏற்கிறது. ஆனால், அடைத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். பேச்சுவார்த்தையிலேயே அந்தக் காலம் ஓடிவிடக் கூடாது.

வழக்கில் கைகொடுப்பது பழைய பத்திரம். 'தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியம்', 'வண்டி வாகனம் போகவர பாத்தியம்' என்ற வரி இருக்கிறதா என்று அப்பா, தாத்தா பத்திரங்களைப் பிரித்துப் பாருங்கள். நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் விற்பவர்களும் மீதிக்கான பாத்தியத்தை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். புரோக்கர் 'பார்த்துக்கலாம்' என்று சொல்வது செல்லாது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதே தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கோடையில் அதிகாரி வந்து பார்த்தால், அங்கே வெறும் பள்ளம்தான் தெரியும்.