ஒரே நாள், இரண்டு விழா

மே முதல் தேதி புனேயின் கோர்படியில் பள்ளிகள் கொடியேற்றுவது தொழிலாளிக்காக அல்ல, மாநிலத்துக்காக. 1960 மே 1-இல்தான் பம்பாய் மாநிலம் பிரிந்து மகாராஷ்டிரமும் குஜராத்தும் பிறந்தன. ரயில்வேயையும் ராணுவத்தையும் நம்பி வந்து தங்கிவிட்ட தமிழர்களுக்குச் சற்றே குழப்பமான விடுமுறை: ஊரில் மே தினம், இங்கே மகாராஷ்டிர தினம். டீசல் எஞ்சின் பணிமனைக்கு இரண்டும் ஒன்றுதான். ரயில்கள் அன்றும் ஓடியாக வேண்டுமே.

இரண்டு விழாக்களும் அவ்வளவு அந்நியமல்ல. 1956-இல் புனேயில் தொடங்கிய சம்யுக்த மகாராஷ்டிர சமிதியில் கம்யூனிஸ்ட் டாங்கேயும் சோஷலிஸ்ட் எஸ்.எம். ஜோஷியும் முன்னணியில் நின்றனர். போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மும்பை ஹுதாத்மா சவுக்கில் அவர்கள் நினைவாகத் தீப்பந்தம் ஏந்தி நிற்பது ஒரு விவசாயியும் ஒரு தொழிலாளியும்.

1886-இல் சிகாகோ தொழிலாளர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலை. அந்த நினைவை 1923-இல் சென்னைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர் சிங்காரவேலர். இந்தியாவின் முதல் மே தினம் அது. நூறாவது ஆண்டில், 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழக சட்டமன்றத்திலேயே நிறைவேறியதை என்னவென்பது! எதிர்ப்பு வலுத்ததும், மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

மகாராஷ்டிரம் வேறு திசையில் போனது. தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 9 மணி என்ற வரம்பை 12 ஆக்க 2025 செப்டம்பரில் மாநில அமைச்சரவை ஒப்புக்கொண்டது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் உண்டு, தொழிலாளியின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும் என்றது அரசு. மேலாளர் நீட்டும் தாளில் கையெழுத்திட மறுக்க ஒப்பந்தத் தொழிலாளியால் முடியுமா என்பது வேறு விஷயம்.