துடைக்கத் துடைக்க மங்குவது ஏன்?

எனக்குச் சொந்த ஊர் மருங்காபுரி. திருச்சியிலிருந்து மதுரை செல்லும் சாலையில், விராலிமலையைத் தாண்டித் துவரங்குறிச்சிப் பக்கம் இருக்கிறது. வறண்ட சீமை. கோடையில் மண்சாலையில் ஒரு வண்டி போனால் போதும், செம்புழுதி எழுந்து வீட்டுத் திண்ணை வரை வந்து படியும்.

அங்கே எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் கடன் வாங்கி ஒரு கறுப்புக் கார் வாங்கினார். வாடகைக்கு ஓட்டுகிறார், குடும்பமே அந்த வண்டியை நம்பித்தான் இருக்கிறது. தினமும் விடிந்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வண்டி முழுவதும் அழுத்தித் துடைப்பார். ஓராண்டு கழித்து நான் ஊருக்குப் போயிருந்தபோது கேட்டார்: “பிள்ளையைப் போலப் பார்த்துக்கிறேன். துடைக்காத நாள் கிடையாது. அப்படியும் பளபளப்பு போயிட்டுதே, எப்படித் தம்பி?”

வெயிலில் வண்டியின் முன்மூடியைப் பார்த்தேன். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல ஆயிரக்கணக்கான மெல்லிய வட்டக் கீறல்கள்!

மாணவ நண்பர்களே, இதைக் காணக் கார் வேண்டாம். நாள்பட்ட எவர்சில்வர் தட்டு ஒன்றை விளக்கின் கீழே பிடியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி அதே வட்டங்கள் தெரியும். இப்போது தட்டைச் சற்று நகர்த்துங்கள். பிம்பம் தட்டின் வேறோர் இடத்துக்குப் போகும். வட்டங்களும் கூடவே போகும்! உண்மையில் வட்டமாகக் கீறல் எதுவும் இல்லை. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும், பிம்பத்தை நோக்கிய கோட்டுக்குச் செங்குத்தாக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அவை சேர்ந்து வட்டம்போலத் தோன்றுகின்றன. கறுப்பு வண்டியில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும். கறுப்பு வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை உட்கவர்ந்துவிடுவதால், கீறல்களிலிருந்து சிதறும் வெள்ளொளி தனியே தெரிகிறது.

சரி, கீறியது யார்? பருத்தித் துண்டா? துண்டு பாவம், அது வெறும் வாகனம். கீறியது அதனடியில் சிக்கிய மண்.

எங்கள் பக்கத்துப் பாறைகளில் பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் மிகுதி. குவார்ட்ஸை நீங்கள் அறிவீர்கள். சிறுவர்கள் தட்டிப் பொறி பறக்க விடும் வெங்கச்சங்கல்தான் அது. பாறை வெயிலிலும் மழையிலும் சிதையும்போது பெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடும். குவார்ட்ஸ் மாறாது, பொடியாகுமே தவிர, மணலாகவே நிற்கும். ஆக, புழுதியில் மென்மையான களிமண்ணோடு கடினமான குவார்ட்ஸ் துகளும் கலந்திருக்கிறது. புழுதிக்குச் செந்நிறம் தருவது இரும்பு ஆக்சைடு.

எது எதைக் கீறும் என்பதற்கு ஜெர்மானியக் கனிமவியல் அறிஞர் பிரெடரிக் மோஸ் 1812ஆம் ஆண்டில் ஓர் அளவுகோல் வகுத்தார். மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. அதில் நம் நகம் ஏறத்தாழ 2.5, சன்னல் கண்ணாடி 5.5, குவார்ட்ஸ் 7. கண்ணாடியையே கீறக்கூடிய பொருள், காரின் வண்ணப்பூச்சை விட்டுவைக்குமா? வண்ணப்பூச்சின் கடினத்தைத் தொழிற்சாலைகளில் எதைக்கொண்டு சோதிக்கிறார்கள் தெரியுமா? பென்சில்களைக்கொண்டு! எச்.பி., எச், 2எச் என வரிசையாக அழுத்திப் பார்த்து, எந்தப் பென்சில் முதலில் தடம் பதிக்கிறது என்று காண்பார்கள். பென்சிலே கீறக்கூடிய பரப்பு அது. அதன் உச்சியில் உள்ள நிறமற்ற பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான்.

இனி ஒரு சிறு கணக்கு. அண்ணன் துண்டின்மேல் 1 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கையை வைக்கிறார் என்று கொள்வோம். அந்த விசையை 100 மணல் துகள்கள் தாங்குகின்றன. ஒவ்வொரு துகளின் கூர்முனையும் 0.01 மி.மீ. பக்கமுள்ள ஒரு சிறு சதுரம் எனலாம். அப்படியானால் மொத்தத் தொடுபரப்பு 0.01 சதுர மி.மீ.; அதாவது ஒரு சதுர செ.மீ.யில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அழுத்தம் சதுர செ.மீ.க்கு 10,000 கிலோ! காற்று மண்டல அழுத்தத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு. அந்த அழுத்தம் வருமுன்பே பூச்சு இடம் கொடுத்துவிடும். துகள் உள்ளே புதையும். கை நகர நகர உழுதுகொண்டே போகும். துண்டு உப்புத்தாளாகிவிட்டது. போதாக்குறைக்கு, உலர்ந்த துணியால் தேய்க்கும்போது உராய்வினால் மின்னேற்றம் உண்டாகிறது. அது புதிய தூசியை ஈர்க்கிறது. (தாத்தா வேட்டி நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்போதும் நடப்பது இதுவே. நானும் செய்கிறேன், என் கண்ணாடியைப் பார்த்தால் தெரியும்.)

பனி கொட்டும் நாடுகளிலும் இதே வழக்கு உண்டு. என்னிடம் படித்த மாணவர் ஒருவர், தமிழர் நிறைய வாழும் கனடாவின் டொராண்டோ நகரில் இருக்கிறார். முதல் குளிர்காலத்தில், கார்மேல் குவிந்த வெண்பனியைப் ‘பஞ்சுதானே’ என்று மண்வாரியால் வழித்துத் தள்ளினாராம். பனி போயிற்று, கீறல் நின்றது. உருகுநிலையை ஒட்டிய பனிக்கட்டியின் கடினம் மோஸ் அளவில் 1.5தான், ஆனால் குளிர் ஏற ஏற அதுவும் கூடும். பனிக்கு அடியில் சாலையிலிருந்து தெறித்த மணலும் உப்பும் வேறு படிந்திருக்கும். மண்வாரியின் விளிம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உருக்கிவிட்டால் என்ன என்பீர்கள். காரின் கூரை 2 சதுர மீட்டர், பனி 10 செ.மீ. உயரம். புதுப்பனியின் அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால் எடை 20 கிலோ. ஒரு கிராம் பனியை உருக்க 80 கலோரி. ஆக மொத்தம் 16 லட்சம் கலோரி. இது 20 லிட்டர் தண்ணீரைச் சுழி டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப் போதும்! வெந்நீரை ஊற்றுவதும் ஆபத்து. குளிர்ந்த கண்ணாடி ஓரிடத்தில் மட்டும் திடீரென விரிந்து வெடிக்கலாம். வழிந்த நீரோ மீண்டும் உறைந்து கதவை ஒட்டிவிடும். ஆகவே விவரமறிந்தவர்கள் மிருதுவான நுரைப் பஞ்சுப் பலகையால் மேல்பனியைப் பக்கவாட்டில் தள்ளுவார்கள். வண்ணத்தின்மேல் ஒரு விரற்கடைப் பனியைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். மணல் கிடக்கும் அடிப்பகுதியை எதுவும் தேய்ப்பதில்லை. எஞ்சிய மெல்லிய படலம் வண்டியின் சூட்டில் தானே உருகி, மண்ணையும் இழுத்துக்கொண்டு வழிந்துவிடும்.

மருங்காபுரிக்கும் அதே முறைதான். பனிக்குப் பதில் தண்ணீர். முதலில் துணியே படாமல், செம்பால் மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய துகள்கள் ஓடிவிடும். நுண்தூசி மூலக்கூறு விசையால் ஒட்டிக்கொண்டிருக்கும்; அதற்குச் சோப்பு நீர். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நீர் துகளுக்கும் பூச்சுக்கும் இடையே நுழைந்து, துகளைத் தூக்கிவிடுகிறது. துணியை அழுத்தாமல் கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். சக்கரத்தின் அருகேதான் மணல் அதிகம், அது கடைசி. சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. அலசும் வாளியில் மணல் அடியில் தங்கிவிடும். துணியை மேலாக முக்கி எடுத்தால் போதும். உச்சி வெயிலில் கழுவக் கூடாது. எங்கள் ஊர் போர்த் தண்ணீர் கடினநீர். சட்டென்று காய்ந்தால் சுண்ணாம்பு உப்பு வெள்ளைப் பொட்டாகப் படிந்துவிடும்.

“குடிக்கவே தண்ணி இல்லாத மாசத்துல மூணு வாளியா?” என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மாதங்களில் துடைக்காமல் விட்டுவிடலாம் என்றேன். சும்மா கிடக்கும் தூசி கீறுவதில்லை, தேய்த்தால்தான் கீறும். முன்கண்ணாடியை மட்டும் நனைத்துத் துடைத்துக்கொண்டால் ஓட்டுவதற்குப் போதும். புழுதியோடு வாடகைக்குப் போவதா என்று அவர் முகம் சுருங்கியது உண்மை.

பழைய கீறல்களுக்காகத் திருச்சியில் ஒரு கடையில் மெருகிட்டுக்கொண்டார். வண்டி மின்னியது. ஆனால் மெருகிடுவது என்றால் கீறலை நிரப்புவதன்று. கீறலின் அடி மட்டம் வரை சுற்றிலுமுள்ள பூச்சைச் சீவி எடுப்பது. இருபதில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் எத்தனை முறை சீவ முடியும் என்பதை அந்தக் கடைக்காரரும் அவரிடம் சொல்லியிருக்கிறார். துண்டு இப்போது தோளிலேயே இருக்கிறது.