வரி எங்கே முடிகிறது?

தட்டச்சுப் பொறியில் ஒரு வரியை அடித்து முடித்தவர் இரு காரியங்கள் செய்தல் வேண்டும். தாள் சுற்றிய உருளையை வரியின் தொடக்கத்துக்கு மீட்டல் ஒன்று. தாளை ஒரு வரியளவு மேலேற்றுதல் மற்றொன்று. ஒரே நெம்புகோல் இரண்டையும் முடித்துவிடுவதால், இவை வெவ்வேறு வினைகள் என்பது பலர்க்குத் தோன்றுவதில்லை. கணினிகளுக்கிடையே இன்றும் நிகழும் ஒரு பிணக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தொலையச்சுப் பொறிகளுக்கு இவ்விரு வினைகளையும் தனித்தனியே கட்டளையிட வேண்டியிருந்தது. 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற அஸ்கி என்னும் குறிமுறையில், தொடக்கத்துக்கு மீளுங் குறி 13 என்ற எண்ணையும், அடுத்த வரிக்கு இறங்குங் குறி 10 என்ற எண்ணையும் பெற்றன. நொடிக்குப் பத்து எழுத்து அச்சிட்ட பொறியில், அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து மீள ஓரெழுத்தின் நேரம் போதாது. ஆகவே மீளுங் குறியை முன்னும் இறங்குங் குறியைப் பின்னும் அனுப்பி, வேண்டிய அவகாசத்தைப் பெற்றனர்.

அப்பொறிகள் மறைந்தன, குறிகள் மறையவில்லை. 1981-இல் வெளிவந்த எம்.எஸ்.டொஸ்ஸும், அதன் வழிவந்த விண்டோஸும் இரு குறிகளையும் சேர்த்தே வைத்துக்கொண்டன. யுனிக்ஸும் லினக்ஸும் 10 ஒன்றே போதுமென்றன. 1984-இல் தோன்றிய மெக்கின்டோஷ் 13-ஐ மட்டும் கைக்கொண்டு, 2001-இல் வந்த புதிய முறைமையில் 10-க்கு மாறியது.

இதனால் விளையும் தீங்கு யாது? விண்டோஸில் எழுதிய கட்டளைக் கோப்பொன்று லினக்ஸுக்குச் செல்கிறது எனக் கொள்வோம். அதை இயக்கவேண்டிய செய்நிரலின் பெயர் முதல் வரியில் இருக்கும். வரியிறுதியில் எஞ்சிய 13 அப்பெயரோடு ஒட்டிக்கொள்ள, அத்தகைய செய்நிரல் இல்லையென்று கணினி மறுத்துவிடும். திரையிலோ குற்றம் எதுவும் தென்படாது. மறுபுறம், லினக்ஸில் எழுதிய கோப்பு, 2018 வரை விண்டோஸின் நோட்பாட்டில் ஒரே நெடுவரியாய்த் தோன்றியது.

அப்படியாயின் எல்லாக் கோப்புகளையும் மாற்றிவிடலாமா? கூடாது. படக் கோப்பில் 10, 13 என்னும் எண்கள் வரியைக் குறிப்பதில்லை. அவற்றைத் திருத்தினால் படமே கெடும். இதை அறிந்தே பி.என்.ஜி. படமுறையை வகுத்தோர், தொடக்கத்து எட்டு எண்களுள் 13, 10 என்ற இணையையும் தனி 10-ஐயும் வைத்தனர். வழியில் எவரேனும் மாற்றியிருந்தால் அவ்விடமே காட்டிக்கொடுத்துவிடும்.

பலர் கூடி ஒரு பணியைச் செய்யுமிடத்து, வரியிறுதிக்கு ஒரே குறியை முதலிலேயே முடிவுசெய்து, உரைக் கோப்பு எது, அல்லாதது எது என்பதை எழுதிவைத்தல் நன்று. கிட் போன்ற கருவிகளில் இதற்கெனவே ஒரு கோப்பு உண்டு. கோப்பு உள்ளே வருங்கால் ஒருமுறை மாற்றினாற் போதும். இடைவழியில் மாற்றுவது கேட்டுக்கே வழியாகும்.